ஊட்டி வாடகை பைக்கில் கோழிக்கோடு கடல்வரை: எந்த வண்டி தாங்கும், எந்தக் கடையில் எடுக்கலாம்

ஊட்டியில் நாள் வாடகைக்கு வண்டி எடுத்து, கூடலூர், நாடுகாணி, நிலம்பூர் வழியாகக் கோழிக்கோடு இறங்கி, அங்கிருந்து கரையோரமாகக் கண்ணூர் வரை போய்த் திரும்புவது நான்கு நாள் பயணம். முதுகுப் பையும் குறைந்த காசும் கையில் இருப்பவர்களுக்கு இது சரிப்படுமா? 100 அல்லது 125 சிசி கியர் வண்டி கிடைத்தால் சரிப்படும். ஸ்கூட்டர்தான் இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னால் கூடலூருக்குப் பஸ் ஏறிவிடுங்கள். இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது.

காரணம் உயரம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். கோழிக்கோடு கடற்கரை பூஜ்யம். நடுவில் 155 கிலோமீட்டர் போலத்தான் இருக்கிறது. ஆனால் இறக்கம் எல்லா இடத்திலும் ஒரே சீராக இல்லை. ஊட்டியிலிருந்து பைக்காரா தாண்டி நடுவட்டம் வரை ஏற்றமும் இறக்கமும் கலந்து வரும். நடுவட்டத்துக்குப் பிறகுதான் சாலை சரசரவென்று சரியத் தொடங்கும். ஊசிமலைக் காட்சி முனை தாண்டிக் கூடலூர் வந்து சேரும்போது உயரம் ஆயிரம் மீட்டர் அளவுக்கு இறங்கியிருக்கும். அங்கே கொஞ்சம் மூச்சு வாங்கி, நாடுகாணியிலிருந்து வழிக்கடவு வரை இன்னொரு பெரிய சரிவு. இந்த இரண்டு துண்டுகளிலும் வாடகை வண்டியின் பிரேக் என்ன லட்சணம் என்று தெரிந்துவிடும். மற்ற நேரம் முழுக்க எந்த வண்டியும் ஓடும்.

ஸ்கூட்டரை ஏன் வேண்டாம் என்கிறோம்? கியர் வண்டியில் இரண்டாவது கியரில் போட்டு ஆக்சிலரேட்டரை விட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பாதிச் சுமையை இன்ஜின் வாங்கிக்கொள்ளும், பிரேக்குக்கு மீதிதான். ஸ்கூட்டரில் கியருக்குப் பதில் பெல்ட்டும் தானியங்கி கிளட்ச்சும். வேகம் குறைந்து இன்ஜின் சுற்று இறங்கியதும் கிளட்ச் தானே விலகிக்கொள்ளும். அதாவது கொண்டை ஊசி வளைவில் மெதுவாகப் போகும்போது, எங்கே இன்ஜின் பிடிப்பு அதிகம் வேண்டுமோ அங்கேதான் அது கைவிடும். அப்புறம் முழு பாரமும் இரண்டு பிரேக் மேல். அடிப்படை ஆக்டிவா மாதிரி வண்டிகளில் முன்னும் பின்னும் 130 மில்லிமீட்டர் டிரம் பிரேக். இருவர், இரண்டு பை, ஏழெட்டு கிலோமீட்டர் தொடர் இறக்கம் என்றால் டிரம்முக்குள் சூடு ஏறும், உள்ளே உரசிப் பிடிக்கும் கட்டையான ஷூ வழுக்கத் தொடங்கும். முதலில் தீய்ந்த வாடை வரும். பிறகு லிவர் வழக்கத்தைவிட உள்ளே போகும். மூன்றாவது அறிகுறிக்காகக் காத்திருக்கக் கூடாது.

வாடை வந்தால் அகலமான இடமாகப் பார்த்து ஓரங்கட்டி, அரை மணி நேரம் நிறுத்துங்கள். தண்ணீர் ஊற்றி ஆற வைக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். காய்ந்த இரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் டிஸ்க் வளையும், டிரம்மில் விரிசல் விழலாம். தானாக ஆறட்டும்.

ஸ்கூட்டருக்கு எதிராக இன்னும் இரண்டு கணக்கு உண்டு. அதன் டேங்க் 5.3 லிட்டர். லிட்டருக்கு 45 கொடுத்தாலும் 240 கிலோமீட்டரில் காலி. ஸ்பிளெண்டர் டேங்க் 9.8 லிட்டர். லிட்டருக்கு 55 வைத்தாலே 500 தாண்டும். அடுத்தது சக்கரம். ஸ்கூட்டரின் பின் சக்கரம் 10 அங்குலம்தான். மழைக்காலம் முடிந்த கையோடு மலைச் சாலைக் குழிகளில் அது இறங்கி ஏறும்போது பின்னால் உட்கார்ந்திருப்பவர் இடுப்பைப் பிடித்துக்கொள்வார்.

புல்லட் வகை 350 சிசி எடுப்பதற்கும் ஆசை வரும். பிடிப்பு உண்டு, இன்ஜின் பிரேக் அருமை, நீண்ட தூரம் உட்கார சுகம். ஆனால் கிளாசிக் 350 எடை ஏறக்குறைய 195 கிலோ, ஸ்பிளெண்டர் 112. கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்து, சரிவில் நின்று, காலை ஊன்றித் தாங்க வேண்டிய நேரத்தில் அந்த 80 கிலோ வித்தியாசம் தெரியும். வாடகையும் இரட்டிப்புக்குப் பக்கமாக இருக்கும், பெட்ரோலும் கூடுதல். இதற்கு முன் அந்த எடையில் ஓட்டிப் பழகியவருக்கு மட்டும் சரி.

ஆகவே 100 அல்லது 125 சிசி கியர் வண்டி. ஊட்டியின் மெல்லிய காற்றில் இது கொஞ்சம் திணறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையைவிடக் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகவே இழந்திருக்கும். இன்ஜினுக்குள் போகும் காற்றும் அந்த அளவு குறைவு. பழைய கார்புரேட்டர் வண்டி என்றால் பெட்ரோல் அதிகமாகிப் புகை கக்கும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகள் பெரும்பாலும் பெட்ரோலை அளந்து பீய்ச்சும் வகை, உயரத்துக்கு ஏற்பத் தானே சரிசெய்துகொள்ளும். இறங்கும்போது இதெல்லாம் தெரியாது. திரும்பி ஏறும்போது தெரியும்: இருவரும் பையும் என்றால் கூடலூர் ஏற்றத்தில் பல இடங்களில் இரண்டாவது கியர்தான்.

இனி கடை. சேரிங் கிராஸ், கமர்சியல் ரோடு, பஸ் நிலையம் சுற்றுவட்டாரத்தில் வண்டி வாடகைக்கு விடுகிறவர்கள் இரண்டு ரகம். ஒரு ரகம் முறையான உரிமத்தோடு விடுபவர்கள். அவர்கள் வண்டியின் நம்பர் பிளேட் கறுப்பு, எழுத்து மஞ்சள். இன்னொரு ரகம் சொந்த உபயோக வெள்ளைப் பிளேட் வண்டியை வாடகைக்குத் தள்ளிவிடுபவர்கள். நூறு ரூபாய் குறைத்துக் கேட்பார்கள், வண்டியும் பளபளவென்று இருக்கும். வேண்டாம். சொந்த உபயோகத்துக்கென்று எடுத்த காப்பீட்டில் வாடகைக்கு விடுவது விலக்கப்பட்டிருக்கும். வண்டிக்குச் சேதம் என்றால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கும், கடைக்காரர் உங்கள் சட்டையைப் பிடிப்பார். எதிராளிக்குக் காயம் பட்டுவிட்டால் விஷயம் நூறு ரூபாயில் நிற்காது.

பிளேட்டைப் பார்த்ததும் அதன் எண்ணை எம்பரிவாகன் செயலியில் போடுங்கள். காப்பீடு எந்தத் தேதி வரை, புகைச் சான்று உயிரோடு இருக்கிறதா, வண்டி வகை என்ன என்று அங்கேயே வந்துவிடும். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்வதைப் பார்த்ததுமே சில கடைக்காரர்கள் உள்ளேயிருந்து வேறு வண்டியை உருட்டிக்கொண்டு வருவார்கள். அதையே ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து கேட்க வேண்டியது: “அண்ணா, கேரளா போகலாமா?” பல கடைகளில் மாவட்டத்துக்குள் மட்டும்தான் அனுமதி. சிலர் “போங்க தம்பி, ஒண்ணும் ஆகாது” என்பார்கள். அந்த வாய் வார்த்தை போதாது. வாடகை வண்டி மாநில எல்லை தாண்ட அதற்குரிய அனுமதியும் வரியும் சரியாக இருக்க வேண்டும். ரசீதில் “கேரளம் செல்ல அனுமதி” என்று எழுதி வாங்குங்கள், பர்மிட் நகலையும் கேளுங்கள். எழுத மறுத்தால் அந்த வண்டி கூடலூரோடு சரி. ஓட்டுநர் உரிமத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் உரிமம் வைத்திருப்பவர் கியர் வண்டி ஓட்டக் கூடாது, எல்.எல்.ஆர். வைத்து வாடகை வண்டி எடுக்கவே கூடாது. ஒரிஜினல் உரிமத்தைக் கடையில் அடகு மாதிரி வைத்துவிட்டு வராதீர்கள். நகல் கொடுத்தால் போதும்.

கிலோமீட்டர் வரம்பு பலருக்குக் கடைசியில்தான் உறைக்கிறது. போக, வர, நடுவில் சுற்ற எல்லாம் சேர்த்து 600 கிலோமீட்டர் ஆகும். நாளுக்கு 100 என்று வரம்பு வைத்து, மேற்கொண்டு போனால் கிலோமீட்டருக்கு 4 ரூபாய் என்றால், நான்கு நாளில் 200 கிலோமீட்டர் கூடுதல், 800 ரூபாய் தனி. நாள் வாடகை 600 என்று வைத்துக்கொண்டால் வாடகை 2,400, கூடுதல் தூரம் 800. பெட்ரோல் 11 லிட்டர், அது ஒரு 1,150. இருவர் பங்கிட்டால் தலைக்கு 2,200க்குள் முடியும். ஒருவராகப் போனால் 4,300க்கு மேல். இதே வழியில் பஸ்ஸில் கோழிக்கோடு இறங்கி, அங்கிருந்து கண்ணூர் வரை சாதாரண ரயிலில் போனால் இதில் சிறு பங்குதான் ஆகும். தனியாளுக்கு வாடகை வண்டி கட்டுப்படி ஆகாது, இருவருக்கு மட்டுமே அதன் சுதந்திரம் காசுக்குத் தகும். கட்டுப்படி ஆகாத இடத்தில் ஆகும் என்று சொல்ல மனம் வரவில்லை.

வண்டியைக் கையில் வாங்கும்போது பெயின்ட்டைப் பார்க்காமல் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனியுங்கள். டிரம் மூடியின் வெளிப்பக்கம், பிரேக் கம்பி வந்து சேரும் கையின் அடியில், ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். மூடியிலேயே ஒரு கோடு அச்சாகியிருக்கும். நண்பரை பிரேக்கை முழுதாக மிதிக்கச் சொல்லிவிட்டுப் பாருங்கள்: அம்பு அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டால் ஷூ தேய்ந்து முடிந்துவிட்டது என்று பொருள். மண்ணும் கிரீஸும் மூடியிருந்தால் விரலால் துடைத்துவிட்டுப் பாருங்கள். கம்பியின் நட்டைத் திருகி இறுக்கிவிட்டால் பிரேக் பிடிக்கிற மாதிரியே இருக்கும், ஷூ இல்லாத வண்டியும் கடை வாசலில் நன்றாகவே நிற்கும். அம்பு மட்டும் பொய் சொல்லாது. முன்னால் டிஸ்க் என்றால் ஹேண்டிலில் உள்ள கண்ணாடித் துளையில் பிரேக் ஆயில் கீழ்க்கோட்டுக்கு மேலே நிற்க வேண்டும், லிவரைப் பிடித்தால் கல் மாதிரி இருக்க வேண்டும். பஞ்சு மாதிரி அமுங்கினால் உள்ளே காற்று.

செயினை நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் 2 முதல் 3 செ.மீ. ஆட்டம் சரி. அதற்கு மேல் தொய்வென்றால் இறுக்கித் தரச் சொல்லுங்கள். டயர் பட்டனைப் பாருங்கள், பக்கவாட்டில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். டூல் கிட் சீட்டுக்கு அடியில் இருக்க வேண்டும். ட்யூப் டயர் என்றால் உபரி ட்யூப் ஒன்று கேளுங்கள், கொடுக்காவிட்டால் வாங்கிக்கொள்ளுங்கள். நாடுகாணிக்கும் வழிக்கடவுக்கும் இடையே காடுதான், பஞ்சர் கடை கிடையாது. யானை நடமாட்டமுள்ள பகுதி, வண்டியை நிறுத்திப் படம் எடுக்கும் இடமும் அல்ல. அந்தத் துண்டைப் பகல் வெளிச்சத்தில் கடந்துவிடுவது போல் கிளம்புங்கள். ஊட்டியில் காலை எட்டு மணி சரியான நேரம். டிசம்பர், ஜனவரியில் அதற்கு முன்னால் தலைகுந்தா பக்கம் உறைபனி படிந்து, வளைவுகளில் நிழல் விழும் இடமெல்லாம் ஈரமாக வழுக்கும்.

இறங்கும் முறைக்கு ஒரே விதி: எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்பது தப்புக் கணக்கு. பீய்ச்சும் வகை இன்ஜின் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டால் பெட்ரோலைத் தானே நிறுத்திக்கொள்ளும், நியூட்ரலில்தான் ஐடிலுக்காகக் குடிக்கும். சாவியை அணைத்து உருட்டுவது அதைவிட மோசம். பிரேக்கைத் தொடர்ந்து தேய்த்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் ஒரு முறை அழுத்தமாகப் பிடித்து வேகம் குறைத்து, விட்டுவிடுங்கள். ஏறி வரும் வண்டிக்கு வழி விடுவது மலைச் சாலையின் பழைய மரியாதை, அதை மறக்காதீர்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. “கல்லட்டி வழியா இறங்குங்க, மசினகுடி பார்த்துட்டு தெப்பக்காடு சுத்தி கூடலூர் போயிடலாம், நம்ம வண்டி டி.என். 43, நீலகிரி நம்பர்தானே, விட்டுடுவாங்க” என்று சிலர் யோசனை சொல்வார்கள். கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவு. செங்குத்து. அங்கே வெளியூர் வண்டிகள் கீழே இறங்கத் தடை வந்ததே பிரேக் போய் நடந்த விபத்துகளால்தான். நம்பர் உள்ளூர் என்பதால் ஓட்டுபவர் உள்ளூர்க்காரர் ஆகிவிடமாட்டார். நடுவட்டம் சாலையிலேயே போங்கள்.

பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஓட்டாதீர்கள். 40 லிட்டர் பை இறக்கத்தில் தோளை முன்னால் தள்ளும், இரண்டு மணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். பின்னால் ஆள் இருந்தால் பெரிய பையை அவர் மாட்டி, அடிப்பாகம் சீட்டில் உட்காரும்படி வார்களைத் தளர்த்த வேண்டும். தனியாக என்றால் பின் சீட்டில் படுக்க வைத்து, ஊக்கு உள்ள இரண்டு ரப்பர் கயிறுகளைக் குறுக்காகப் போடுங்கள். தொங்கும் வார் முனைகளை முடிச்சுப் போட்டு உள்ளே செருகுங்கள். செயினில் சிக்கினால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். சைலன்சர் பக்கம் பை தொட்டால் உருகும்.

கூடலூரில் டீயும் வர்க்கியும் சாப்பிட்டு, ஜெர்கினைக் கழற்றிப் பையில் வையுங்கள். ஊட்டியில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட்டை அப்போது பாருங்கள்: மேலே பலூன் மாதிரி உப்பியிருந்தது தளர்ந்திருக்கும். நிலம்பூர் போனால் சுருங்கிக் கிடக்கும். டயருக்கும் இதே கதைதான். ஊட்டியில் 29 அடித்த காற்று, கடல் மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் கூடுவதால் மூன்றுக்கு மேல் குறைத்துக் காட்டும். கரையோர வெயில் அதில் மூன்றுக்குக் கிட்டத்தட்டத் திருப்பிக் கொடுக்கும். பகலில் சரியாகத் தெரிவது மறுநாள் விடியலில் குறைவாக இருக்கும். ஆகவே கோழிக்கோட்டில் முதல் காலையில், வண்டி ஓடுவதற்கு முன், செயின் உறை மேல் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்றுப் பிடியுங்கள்.

வழிக்கடவு தாண்டினால் சமவெளி. நிலம்பூரில் கனோலி தேக்குத் தோட்டத்தைப் பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். கூடலூர் மலையில் பாண்டியாறாக ஓடும் தண்ணீர் கேரளத்துக்குள் புன்னப்புழையாகிச் சாலியாற்றில் கலந்து, பேப்பூரில் கடலைத் தொடுகிறது. எடவண்ணா, அரீக்கோடு வழியில் அந்த ஆறு கூடவே வரும். மலையிலிருந்து இறங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழித்துணை கிடையாது. கோழிக்கோட்டில் சாப்பாடு பற்றி எழுதத் தேவையில்லை. கல்லுமக்காய் என்ற கடல் சிப்பியையும், சுலைமானி என்ற பால் சேர்க்காத டீயையும் தேடிப் போங்கள்.

கோழிக்கோட்டிலிருந்து கண்ணூர் 90 கிலோமீட்டர். காப்பாடு, வடகரை, மாஹே, தலச்சேரி. 66ஆம் எண் நெடுஞ்சாலையில் அகலப்படுத்தும் வேலை பல இடங்களில் சர்வீஸ் ரோட்டுக்குத் தள்ளிவிடும், லாரிகளோடு ஒட்டி ஓட வேண்டிவரும். மாஹே புதுச்சேரியைச் சேர்ந்தது, பெட்ரோல் கேரளத்தைவிட மலிவு, அங்கே டேங்க்கை நிரப்புங்கள். தலச்சேரிக்கும் கண்ணூருக்கும் நடுவில் முழப்பிலங்காடு. ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீள மணலில் வண்டி ஓட்டலாம். அலை பின்வாங்கிய நேரத்தில், ஈரம் ஊறிக் கெட்டியான பட்டையில் மட்டும் ஓட்டுங்கள். காய்ந்த மணலில் முன் சக்கரம் புதையும். நிறுத்தும்போது சைடு ஸ்டாண்டுக்கு அடியில் தட்டைக் கல்லோ தேங்காய் ஓடோ வையுங்கள், இல்லாவிட்டால் திரும்பி வரும்போது வண்டி படுத்திருக்கும். அன்று மாலையே நல்ல தண்ணீரில் செயின், ரிம், பிரேக் பக்கமெல்லாம் கழுவி, செயினுக்கு ஆயில் விடுங்கள். உப்பு ஒரே இரவில் செயினைச் செம்மண் நிறமாக்கிவிடும், அதைக் கடைக்காரர் உங்கள் அட்வான்ஸில் கழிப்பார்.

அட்வான்ஸ் என்றதும் கேமரா. கேரளத்தில் 2023 ஜூன் முதல் 726 கேமராக்கள் சாலைகளைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. பின்னால் இருப்பவர் ஹெல்மெட் போடாவிட்டாலும் 500 ரூபாய். அபராதச் சீட்டு வண்டி உரிமையாளர் பெயருக்குத்தான் போகும், அதுவும் பல நாள் கழித்து. அதனால் இரண்டு ஹெல்மெட், இரண்டிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை, கொக்கி பூட்டுகிறதா என்று ஊட்டியிலேயே பார்த்து வாங்குங்கள். பின்னாலிருப்பவருக்குத் தொப்பி மாதிரி ஒன்றைக் கொடுத்து அனுப்பும் கடை வேண்டாம்.

திரும்பும் வழிக்கு வயநாடு நல்லது. மானந்தவாடி, சுல்தான் பத்தேரி, பாட்டவயல், தேவர்சோலை வழியாகக் கூடலூர். தென்மேற்குப் பருவத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, எந்த மலைப்பாதையிலும் மண் சரியலாம். கிளம்பும் காலையில் கூடலூர் பக்கம் ஒருவரைக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். நீலகிரிக்குள் நுழைய 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். மாவட்டப் பதிவெண் வண்டிக்கு விலக்கு உண்டு. உங்கள் வாடகை வண்டி வேறு மாவட்டப் பதிவு என்றால் முன்கூட்டியே பாஸ் எடுத்து வையுங்கள். சோதனைச் சாவடியில் பையைத் திறப்பார்கள், கோழிக்கோட்டில் வாங்கிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் உள்ளே வரக் கூடாது. சாவடிக்கு முன்பே தண்ணீரை ஸ்டீல் பாட்டிலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

வண்டியை ஒப்படைக்கும்போது கழுவியே கொடுங்கள். எடுக்கும்போது நான்கு பக்கமும் பிடித்த வீடியோவையும், எடுத்த அன்றும் கொடுத்த அன்றும் எடுத்த மீட்டர் படத்தையும் கடைக்காரர் முன்னால் திறந்து காட்டுங்கள். கேமரா அபராதத்துக்காக அட்வான்ஸில் ஒரு தொகையை நிறுத்தி வைப்பதாகச் சொன்னால், எவ்வளவு, எந்தத் தேதி வரை என்பதை அதே ரசீதின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.